கல்லுக்கு மேலே கால்

ரெய்யோ ஹூட்டினென் அந்த விற்பனை முற்றத்துக்குள் நுழைந்ததும் கோட்டுப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். விற்பனைப் பையன் வந்து பெயர் சொல்லிக் கை குலுக்குவதற்குள் முதல் நீராவிக் குளியல் அறையின், எங்கள் பேச்சில் சவுனாவின், கதவைத் திறந்து இரண்டு அளவு எடுத்துவிட்டார். அடுப்பின் மேல்கல் தரையிலிருந்து எவ்வளவு உயரம், கால் வைக்கும் பலகை எவ்வளவு உயரம். கால் கல்லுக்கு மேலே இருந்தால் அது சவுனா. கீழே இருந்தால் அது, அவர் வார்த்தையில், சூடான அலமாரி.

அவர் சொல்வதில் தப்பில்லை. காய்ந்த கல்லில் தண்ணீர் ஊற்றினால் எழும் ஆவிக்கு எங்களிடம் லோய்லு என்று தனிப் பெயரே உண்டு. அது நேராக மேற்கூரைக்குப் போய், அங்கிருந்து தோளில் இறங்கும். கல்லுக்குக் கீழே அது எட்டிப் பார்ப்பதில்லை. கால் அங்கே தொங்கினால் காது வெந்து கால்விரல் விறைக்கும்.

நான் கூடப் போயிருந்தேன். அளவுகளைக் குறித்துக்கொள்ள ஒரு படித்த ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார். நாங்கள் அடுத்த வீட்டுக்காரர்கள். முப்பது மாடு வைத்துப் பால் ஊற்றுகிற குடும்பம். அதில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்தவன் நான்தான். ஓவுலுவில் ஐந்து வருடம் படித்து வாங்கிய கட்டிடப் பொறியியல் பட்டத்தை என் அம்மா கூடத்தில், வாசலுக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறார். யாராவது கவனிக்காமல் உட்கார்ந்தால் நாற்காலியைத் திருப்பிப் போடுவார். நான் தடுப்பதில்லை.

ரெய்யோவைப் பற்றிச் சொல்வதென்றால் கிரேடர் வண்டியிலிருந்து தொடங்க வேண்டும். முப்பத்தெட்டு வருடம் எங்கள் பக்கத்து மண்சாலைகளைக் கோடையில் மட்டப்படுத்தினார், குளிர்காலத்தில் பனி வழித்தார். வண்டியின் முன்பலகையில் ஒரு காப்பிக் கோப்பை வைத்திருப்பார். போகும்போது ஒரு முறை இழுப்பார், வரும்போது ஒரு முறை. திரும்பி வருகையில் கோப்பை தளும்பாவிட்டால் சாலை சரி. ஓய்வு பெற்ற அன்று கொடுத்த கடிகாரத்தை ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் சுவரில் மாட்டினார். கடிகாரத்துக்கு எதற்கு ரசமட்டம் என்று கேட்டவரிடம், "மணி ஒரு பக்கமா ஓடிரும்ல?" என்றார். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் சொல்வதற்கெல்லாம் நாங்கள் சிரித்துப் பழகியிருந்தோம்.

சுற்று வட்டாரத்தில் அவர் மட்டமாக்காத இடம் ஒன்று உண்டு. அவருடைய தோட்டம். வீட்டிலிருந்து ஏரியை நோக்கிச் சரிகிற மண். ஒருமுறை கிரேடரையே வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அவர் மனைவி சிர்க்கா தன் பிளாக்கரன்ட் பழப் புதர்களுக்கு நடுவே வாளியோடு போய் நின்றார். அரை மணி நேரம் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கிரேடர் வந்த வழியே போய்விட்டது.

சிர்க்கா பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தவர். என் தலைமுறையில் அவர் கையால் பட்டாணிக் கஞ்சி சாப்பிடாதவர்கள் ஊரில் இல்லை. கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடம், சனிக்கிழமை ஆறு மணிக்கு இருவரும் ஏரிக்கரைச் சவுனாவுக்கு இறங்குவார்கள். ரெய்யோ கையால் கட்டிய சவுனா. அறுபத்து நாலு படி கீழே. ஒன்றரை மணி நேரம் கழித்து, சிவந்த முகத்தோடு ஒருவர் பின் ஒருவராக ஏறி வருவார்கள். என் அம்மா எங்கள் சமையலறையிலிருந்து அந்தப் புகை நிற்பதைப் பார்த்துத்தான் உருளைக்கிழங்கை அடுப்பில் வைப்பார்.

பிப்ரவரியில் தபால் பெட்டிக்குப் போன சிர்க்கா உறைபனியில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆணி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். நடக்க, சக்கரமும் இருக்கையும் வைத்த வாக்கர். மே மாதம் மருத்துவர் சவுனாவுக்குப் போகலாம் என்றார். படி மட்டும் இனிக் கிடையாது, இறங்கவும் கூடாது, ஏறவும் கூடாது. அறுபத்து நாலு படியும் போயிற்று, சவுனாவுக்குள் மேல்பலகைக்கு ஏறுகிற மூன்று படியும் போயிற்று.

அதற்குப் பிறகு ரெய்யோ தனியாகப் போனார். அவர் இறங்கிய இருபது நிமிடத்தில் புகை நின்றுவிடும். அம்மாதான் முதலில் சொன்னார்: "என்னடா இது, அந்தாளு குளிக்கிறானா, இல்ல கல்லு இருக்கான்னு பாத்துட்டு வர்றானா?"

அதனால்தான் தோட்டத்துச் சவுனா. வீட்டோடு ஒட்டி, படியே இல்லாமல், சிர்க்கா வந்து உட்காருகிற மாதிரி ஒன்று. ஆகஸ்டில் ஈசல்மிக்கு வெளியே இருந்த அந்த முற்றத்தில் நாங்கள் நின்றது அதற்காகத்தான்.

விற்பனைப் பையன் பெயர் மிஸ்கா. முதலில் கறுப்புச் சாயம் அடித்து, முன்சுவர் முழுக்கக் கண்ணாடி போட்ட ஒன்றைக் காட்டினான்.

"உள்ள உக்காந்துகிட்டே ஏரிய பாக்கலாம்."

"ஏரிய பாக்கறதுக்கு நான் எதுக்குத் துணிய அவுக்கணும்?" என்றார் ரெய்யோ.

அடுத்தது சக்கரம் வைத்தது.

"கார்ல மாட்டி எங்க வேணாலும் இழுத்துட்டுப் போலாம்."

"சவுனாவத் தேடி நாமதான் போகணும். அது நம்மளத் தேடி வரக்கூடாது." சொல்லிவிட்டு நின்றார். இப்போது சிர்க்காவைத் தேடி அது வரவேண்டியிருப்பதுதான் பிரச்சினையே என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். குனிந்து பார்த்தார். ஏற இரும்புப் படி மூன்று. நகர்ந்தார்.

வரிசையில் நான்காவது பீப்பாய். பெரிய மரப் பீப்பாயைப் படுக்கப் போட்டு, முன்னால் ஒரு கதவு வைத்த மாதிரி. வாசற்படி உள்ளங்கை உயரம். உள்ளே இரு பக்கமும் நீளப் பலகை. ரெய்யோ கோட்டோடு உள்ளே போய் உட்கார்ந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். டேப்பை எடுக்கவில்லை.

"இதுதான் இப்ப நல்லாப் போகுது," என்றான் மிஸ்கா. "ஜெர்மனிக்கே லாரி லாரியா அனுப்பறோம்."

"ஜெர்மன்காரன் கல்லுல தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி விதி எழுதின போர்டப் படிப்பான்," என்றார் உள்ளேயிருந்து.

நான் தலையை நீட்டினேன். "ரெய்யோ, கால் தரையில இருக்கு. கல்லு உங்க இடுப்புக்கு வருது."

"தெரியும்."

"அப்ப இது அலமாரி."

"பலகை எங்க வீட்டுச் சமையக்கட்டு நாற்காலி உயரம். அவளால உக்கார முடியும்." இரண்டு கையாலும் முழங்காலை அழுத்தி எழுந்தார். "எழுதிக்க."

நான் எழுதிக்கொள்ளவில்லை. எதை எழுதுவது? அவர் வெளியே வந்து போனை எடுத்துச் சிர்க்காவைக் கூப்பிட்டார். அவர் போன் எப்போதும் ஊருக்கே கேட்கும்.

"பீப்பா ஒண்ணு பாத்தேன்."

"என்ன பீப்பா?"

"சவுனா. பீப்பா மாதிரி இருக்கு. படி கிடையாது."

அந்தப் பக்கம் கரண்டி ஒன்று பாத்திரத்தில் தட்டும் சத்தம்.

"உனக்கு நல்லாருக்கும்ல?" என்றார் ரெய்யோ.

"இருக்கலாம்."

போனை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு, "இதே போதும்," என்றார் மிஸ்காவிடம்.

இந்த இடத்தில் எங்கள் பேச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் யாரும் ஆமாம் என்று சொல்ல அவசரப்படுவதில்லை. இல்லை என்று சொல்லவும்தான். வரலாம், போகலாம், இருக்கலாம், செய்யலாம். எல்லாப் பதிலும் ஒரு 'லாம்' போட்டுத்தான் முடியும். அது ஆமாமா இல்லையா என்று கண்டுபிடிப்பது கேட்டவர் பொறுப்பு. சிர்க்காவின் 'லாம்' ஊரிலேயே கெட்டியானது, ஆனால் ரெய்யோவுக்கு அதன் சாவி தெரியும். எதிரே இருப்பவரைப் பார்த்துச் சொன்னால் ஆமாம். ஜன்னலைப் பார்த்துச் சொன்னால் இல்லை. கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டதிலிருந்து நாய்க்குட்டிக்குப் பெயர் வைத்தது வரை ஒரு தடவைகூட அவர் தப்பாகப் படித்ததில்லை.

போனில் சிர்க்கா எந்தப் பக்கம் பார்த்துச் சொன்னார் என்று எப்படித் தெரியும்? அது ரெய்யோவுக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் பட்டத்தோடு நின்ற எனக்கும் தோன்றவில்லை.

மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, மிஸ்கா கிரேன் வைத்த லாரியில் பீப்பாயோடு வந்தான். ரெய்யோ சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஜல்லி பரப்பி, இழுத்து, ரசமட்டக் குமிழி நடுவில் அசையாமல் நிற்கும்படி இடம் தயார் செய்திருந்தார். பட்டைகள் பூட்டிப் பீப்பாய் மேலே எழும்பியது. ரெய்யோ கையால் சைகை காட்டினார். அப்போது சிர்க்கா வாக்கரைத் தள்ளிக்கொண்டு முன்வாசல் வரை வந்தார். அந்தரத்தில் தொங்கிய பீப்பாயை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஏரியைப் பார்த்தார்.

"இதுல வெள்ளரிக்கா ஊறுகா போடவா?" என்றார்.

மிஸ்கா சிரித்தான். ரெய்யோவின் கை பாதியில் நின்றது.

"நல்லாருக்கும்னு சொன்னியே?"

"இருக்கலாம்னேன்."

"அதத்தான் சொல்றேன்."

"எங்க பாத்துச் சொன்னேன்?"

ரெய்யோ யோசித்தார். அவர் முகம் மாறியதை வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தே பார்த்தேன். "போன்ல அது எப்படித் தெரியும்?"

"ஜன்னலப் பாத்துச் சொன்னேன். ஏரிப்பக்க ஜன்னல." வாக்கரின் பிரேக்கைப் போட்டுவிட்டு அதன் இருக்கையில் உட்கார்ந்தார். "கால் எங்க இருக்கும் இதுல?"

"தரையில."

"கல்லு?"

ரெய்யோ தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

"கல்லுக்கு மேல காலுன்னு ஊர்ல ஒரு வீடு விடாம சொன்ன ஆளு நீ. பாதிரியார் வீட்டுச் சவுனாவப் பாத்து அலமாரின்னு அவர் மூஞ்சிக்கு நேராச் சொன்னே. எனக்கு மட்டும் கால் தரையிலயா?"

"உன்னால ஏற முடியாதே, சிர்க்கா."

"முடியாதுன்னா ஏறல. அவ்வளவுதான். அதுக்காக ஒரு பாதி வெந்து ஒரு பாதி வேகாம எனக்குக் குளிக்க வேண்டாம். நீ போய்க் குளிச்சுட்டு வா. நான் ஷவர்ல நனைஞ்சுக்கறேன்."

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் 'இன்னும் கொஞ்சம்?' என்ற இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்பவர். ரெய்யோ தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். அந்த வீட்டில் சனிக்கிழமை என்பது அந்த நிமிடத்தோடு முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது.

"இறக்காத," என்றார் மிஸ்காவிடம்.

"தொங்கிட்டு இருக்கே?"

"லாரியில வை. காப்பி குடிச்சுட்டுப் பேசலாம்."

வேலியைத் தாண்டி நானும் போனேன். காப்பியும் ஏலக்காய் பன்னும் மேசைக்கு வந்தன. என் படிப்பு உதவவேண்டிய இடம் இது என்று பட்டதால் வாயைத் திறந்தேன். மேல்பலகைக்கு ஏற, ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டரில் தாழ்வான படிகள், இரண்டு பக்கமும் கைப்பிடி, வழுக்காத ரப்பர். ஒரு காகிதத் துடைப்பானில் வரைந்தும் காட்டினேன்.

சிர்க்கா அதைப் பார்த்தார். "ஓவுலுவுல அஞ்சு வருஷமா இதத்தான் சொல்லிக்குடுத்தாங்களா? படி ஏற முடியாதவளுக்கு இன்னும் நாலு படி?"

"படி உயரம் கம்மி..."

"எங்கப்பா வீட்டு மாட்டுக் கொட்டகைக்கு மேல வைக்கோல் பரண். வைக்கோல் வண்டியோட குதிரை மேல போகும். குதிரை ஏணியில ஏறிச்சா?"

மிஸ்கா மெல்லுவதை நிறுத்தினான். அவர் என்ன சொல்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தொழுவத்திலும் அப்படித்தான். சரிவில் கொட்டகை கட்டி, மேட்டுப் பக்கத்திலிருந்து பரணுக்கு நேராக மண்பாலம் போட்டிருப்பார்கள். கீழே மாடு நுழையும், மேலே வண்டி நுழையும். இரண்டுமே ஏறுவதில்லை.

ரெய்யோ கோப்பையைக் கீழே வைத்தார். பாதிக் காப்பி அதில் இருந்தது. எழுந்து, ரசமட்டத்தையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எங்கள் ஊரில் பாதிக் காப்பியை விட்டுவிட்டு எழுந்தால் எங்கோ தீப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

"அப்ப பீப்பா?" என்றான் மிஸ்கா.

"நீ காப்பியக் குடி," என்றார் சிர்க்கா.

நான் போனபோது ரெய்யோ பிளாக்கரன்ட் புதர்களின் அருகே, சரிவு தொடங்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். மூன்றரை மீட்டர் கீழே போய் நின்றேன்.

"தொண்ணூறு சென்டி இறக்கம்," என்றார் அளப்பதற்கு முன்பே.

அங்கே கிடந்த நீளச் சட்டத்தின் மேல் ரசமட்டத்தை வைத்து அளந்தேன். "தொண்ணூத்தி ரெண்டு."

"அந்த ரெண்டு புல்லு."

முப்பத்தெட்டு வருடம் எல்லாவற்றையும் மட்டமாக்கிய மனிதர் அந்தச் சரிவின் மேலும் கீழுமாக நடந்தார். வேகமாக நடந்தார். மேட்டுப் பக்கத்தில் நின்று காலால் மண்ணைத் தட்டினார். "இந்தப் பக்கம் கதவு. தொறந்தா நேரா கால் பலகை. நடந்து போய் உக்கார வேண்டியதுதான். அடுப்பு அங்க, கீழ, பள்ளத்துல. நான் கீழ்க்கதவால போய் விறகு போட்டுக்கறேன்."

"கல்லு எவ்வளவு உயரம்?" என்றேன்.

"எண்பத்தஞ்சு." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கால் தொண்ணூறு."

பீப்பாய் மிஸ்காவோடு திரும்பிப் போனது. அதற்கு வேறு யாரோ காத்துக்கொண்டிருந்தார்களாம். மறுநாள் நாங்கள் மறுபடி ஈசல்மிக்குப் போனோம். வரிசையின் கடைசியில், யாரும் நின்று பார்க்காத ஒன்று இருந்தது. சாதாரண மரக்கட்டை அறை, கூரை, ஒரு கதவு. போன தடவை நாங்களும்தான் பார்க்கவில்லை. ரெய்யோ அதைச் சுற்றி ஒரு முறை நடந்தார். சுவரில் இரண்டு வரிசை மரம் கூட்ட வேண்டும், பின்சுவரில் இன்னொரு கதவு வேண்டும், அகலம் வாக்கர் நுழைகிற அளவு, தரையிலிருந்து தொண்ணூறு சென்டிமீட்டர் மேலே என்றார்.

மிஸ்கா எழுதுவதை நிறுத்தினான். "கதவு தரைக்குத் தொண்ணூறு மேலயா? அந்தரத்துல யாரு நடந்து வருவா?"

"என் பொண்டாட்டி."

தொழிற்சாலை வரைபடம் கேட்டது. நான் வரைந்து, கீழே என் பெயரையும் பட்டத்தையும் போட்டு அனுப்பினேன். ஒரு நகலைச் சிர்க்கா குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். "பட்டம் பேர விடப் பெருசா இருக்கு," என்றார். ஆனாலும் யார் வந்தாலும் அந்தப் பக்கம் கை காட்டுவதாக அம்மா சொன்னார்.

செப்டம்பர் முழுக்க வேலை. சமையலறைக் கதவிலிருந்து சவுனாவின் மேல்கதவு வரை இருபத்திரண்டு மீட்டர் பாதை. ரெய்யோ ஜல்லியை இழுத்து, நடுவில் லேசாக மேடிட்டு, தண்ணீர் இரண்டு ஓரமும் ஓடும்படி முடித்தார். சாலைக்கு அதுதான் முறை. சிர்க்கா நான்கு அடி நடந்து நின்றார்.

"இதுல லாரி போகுதா?"

"மழைத் தண்ணி நிக்கக் கூடாதுல்ல?"

"என் வாக்கரு நாலு பக்கமும் ஓடுது. மட்டமாப் போடு. மட்டமாப் போடறதுதானே உன் வேலை?"

மறுபடி இழுத்தார்.

பாதையின் குறுக்கே இரண்டு பிளாக்கரன்ட் புதர்கள் இருந்தன. அவற்றை விட்டு வளைத்துப் போட்டால் ஏற்றம் வரும். ரெய்யோ மண்வெட்டியோடு நின்றார். சிர்க்கா வாக்கர் இருக்கையில் உட்கார்ந்தபடி கொஞ்ச நேரம் புதர்களைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி ரெய்யோவைப் பார்த்து, "எடுக்கலாம்," என்றார். அதற்கப்புறமும் அவர், "நெசமாவா?" என்று கேட்டார். பழைய ரெய்யோவாக இருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை சவுனா தயாரானது. நான் எங்கள் முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன். மூன்று மணியிலிருந்து புதிய புகைக்குழாயிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது. ஆறு மணிக்கு ரெய்யோ பாதையில் நடந்து வந்து சமையலறைக் கதவைத் திறந்தார். வழக்கமாக, "சவுனா காஞ்சிருச்சு," என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விடுவார். பின்னாலேயே சிர்க்கா வருவார். நாற்பத்தைந்து வருடமும் அப்படித்தான்.

அன்றைக்கு அவர் போகவில்லை. சிர்க்கா வாசலுக்கு வரும்வரை நின்றார்.

"சவுனா காஞ்சிருச்சு," என்றார். பிறகு, "வர்றியா?"

ஏரி அவர்களுக்கு இடது பக்கம் இருந்தது.

"வரலாம்," என்றார் சிர்க்கா.

ரெய்யோ நகரவில்லை.

"எங்க பாத்துச் சொன்னேன்?"

"என்னப் பாத்து."

"பின்ன ஏன் நிக்கற? துண்டு எடு."

வாக்கர் சக்கரங்கள் ஜல்லியில் நொறுநொறுவென்று போவது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. மேல்கதவு மூடியது. பிறகு கல்லில் தண்ணீர் விழும் சீறல். நான் கையில் விறகோடு நின்றிருந்தேன்.

"இது என்ன, சாமிக்குத் தீர்த்தமா?" சிர்க்காவின் குரல். "நல்லா ஊத்து."

மறுபடி சீறல், இந்தத் தடவை நீளமாக.

"காலு?" என்றார் ரெய்யோ.

பதில் எனக்குக் கேட்கவில்லை. இன்னொரு அகப்பைத் தண்ணீர் கல்லில் விழுந்தது மட்டும் கேட்டது.

நான் உள்ளே போனபோது அம்மா ஜன்னலருகே நின்றிருந்தார். உருளைக்கிழங்கை இன்னும் அடுப்பில் வைக்கவில்லை. ஆறரை ஆனது, ஏழு ஆனது. புகை நிற்கவில்லை. வெளியே வருடத்தின் முதல் பனி லேசாக விழத் தொடங்கி, மேல்கதவுக்கு வெளியே நின்ற வாக்கரின் இருக்கையில் படிந்தது. அதைத் தட்டிவிட யாரும் வரவில்லை.